நான்காவது பத்தி

முத்திரைத்தாளை இப்போதே பிரிண்டரில் வைக்காதே அம்மா. முதலில் வெள்ளைத்தாளில் ஒரு படி எடு. நான் படித்துப் பார்க்கிறேன், திருத்துகிறேன், அதற்கப்புறம் முத்திரைத்தாள். முப்பத்து நாலு வருஷம் அரசாங்க ஆபீசில் வரைவு எழுதியவள் நான். திருத்தமே இல்லாத முதல் படியை இதுவரை பார்த்ததில்லை.

சொல்லட்டுமா? டைப் அடி. ‘காலஞ்சென்ற தமிழாசிரியர் பரமசிவத்தின் மகள் மனோன்மணி, வயது அறுபத்திரண்டு, திருச்சிராப்பள்ளி உறையூரில் வசிக்கும் நான், உண்மையாக உறுதியளித்துக் கூறுவது யாதெனில்.’ தமிழிலேயே இருக்கட்டும். சென்னையில் டிரேட்மார்க் ஏஜென்ட் ஒருவர் இருக்கிறார். ஆங்கிலப் படியை அவர் தயார் செய்து சேர்த்துக்கொள்வார்.

பத்தி ஒன்று. ‘நான் ஒரு நிமிஷம் என்னும் மனநல ஆலோசனை மற்றும் தற்கொலைத் தடுப்புத் தொண்டு நிறுவனத்தின் செயலாளராக, அது தொடங்கிய நாள் முதல் பணியாற்றி வருகிறேன்.’

ஏன் கையை நிறுத்திவிட்டாய்? ஓ, போஸ்டர் பார்த்திருக்கிறாயா? எங்கே, காவிரிப் பாலத்திலா, ரயில்வே கேட்டிலா? நீலமா, மஞ்சளா? நீலம் எங்களுடையது. மஞ்சள் அவளுடையது.

மஞ்சளா? சரி. மஞ்சள் பளிச்சென்று கண்ணில் படும்தான். ஆனால் மனசை அமைதிப்படுத்துவது நீலம் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. நான் படித்துவிட்டுத்தான் நீலம் வைத்தேன். அவள் எதைப் படித்தாள்? அச்சகத்தில் மஞ்சள் காகிதம் மிச்சம் இருந்திருக்கும்.

அடி, அடி. பத்தி இரண்டு. ‘மேற்படி நிறுவனம் தினமும் காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை, மன உளைச்சலில் இருப்போரின் தொலைபேசி அழைப்புகளைக் கட்டணமின்றி ஏற்று, அவர்கள் கூறுவதைக் கேட்டு வருகிறது.’ பத்தி மூன்று. ‘மேற்படி பெயரை டிரேட்மார்க் சட்டப்படி நாற்பத்தைந்தாம் வகுப்பில் பதிவு செய்ய என் பெயரில் விண்ணப்பித்துள்ளேன்.’

டிரேட்மார்க் என்றால் சோப்புக்கும் ஊதுபத்திக்கும்தான் என்று நினைத்தாயா? நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்களைப் போன்றவர்களுக்கும் உண்டு. நாளைக்கு யாரோ ஒருவன் இதே பெயரில் உண்டியல் குலுக்கினால்? இதே பெயரில் ஒரு நம்பரை ஒட்டிவைத்து, அழுதுகொண்டு பேசுகிறவர்களிடம் லேகியம் விற்றால்? அதைத் தடுக்கத்தான். வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை. என் பெயரில் ஏன் என்று கேட்பாய். தனி ஆள் என்றால் கட்டணம் பாதிதான். அதற்காகத்தான்.

பத்தி நான்கு. ‘மேற்படி பெயரை முதன்முதலில் பயன்படுத்தியவர்...’

வேண்டாம். இந்தப் பத்திக்கு இடம் விட்டு வை. எட்டு வரி விடு. ஐந்துக்குப் போகலாம்.

இல்லை, ஐந்துக்கும் போக முடியாது. நான்கைச் சொல்லாமல் ஐந்து நிற்காது. இந்தப் பத்திக்குத்தான் இத்தனை பாடும். டிரேட்மார்க்கில் பெரிய கேள்வியே அதுதானாம். முதலில் யார், எந்தத் தேதியிலிருந்து. ஏஜென்ட் போனில் படித்துப் படித்துச் சொன்னார். “மேடம், அந்தத் தேதிதான் உயிர். நீங்க சத்தியம் பண்ணிச் சொல்றீங்க, பாத்துக்குங்க.”

நோட்டரி ஒரு மணி வரை இருப்பார் என்றாய் அல்லவா? இப்போது பதினொன்றரைதான். அவகாசம் இருக்கிறது. உனக்கு விஷயம் தெரிந்தால்தான் சரியாக அடிக்க முடியும். கேள்.

அவள் பெயர் செசிலி. பாலக்கரையில் மெஸ் நடத்துகிறாள். முதல் வருஷம் பதினாறு தொண்டர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன். அதில் அவளும் ஒருத்தி. முடிவில் ஒரு பரீட்சை வைத்தேன். அவள் வாங்கியது முப்பத்தெட்டு மார்க். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன். நோட்டரியிடம் காலையில் சொன்னேன், அது பேச்சுவாக்கில் வந்துவிட்டது.

இரண்டாயிரத்து எட்டு ஜூனில் ஆரம்பித்தோம். மனநல மருத்துவர் நசீமா பேகம் தலைவர், நான் செயலாளர். டாக்டரம்மா போன வருஷம் காலமாகிவிட்டார். நான் ஏன் இதில் இறங்கினேன் என்று கேட்காதே. இந்த வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். ஒருவரையொருவர் அதைக் கேட்டுக்கொள்வதில்லை என்று வைத்திருக்கிறோம்.

நான் முதலில் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘திருச்சிராப்பள்ளி மாவட்ட மனநல ஆலோசனை மற்றும் தற்கொலைத் தடுப்புத் தொலைபேசி உதவி மையம்.’ முழுமையான பெயர். எதுவும் விடுபடவில்லை. போனை எடுத்ததும் இதைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் பாதிப்பேர் வைத்துவிடுகிறார்கள் என்று தொண்டர்கள் வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். வேகமாகச் சொல்லிப் பழகுங்கள் என்றேன்.

விதிகள் பதினொன்று எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ஆளுக்கொன்று கொடுத்தேன். பேசும் அறை அமைதியாக இருக்க வேண்டும். சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. அறிவுரை கூடாது. எக்காரணம் கொண்டும் அழைத்தவரைக் காத்திருக்க வைக்கக் கூடாது. இந்த ஒரு விதிக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டேன்.

அப்போது எங்களுக்கு ஆபீஸ் கிடையாது. ஒரே ஒரு நம்பர். யாருடைய முறையோ அவர்கள் வீட்டுப் போனுக்கு அழைப்பு போகும்படி செய்திருந்தோம். அக்டோபர் பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறே முக்கால். செசிலியின் முறை. மெஸ்ஸில் இருபது பேருக்கு இட்லி வெந்துகொண்டிருக்கிறது. போன் அடிக்கிறது. எடுத்தாள். மையத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு விதி போயிற்று. அடுப்படியில் நின்று பேசுகிறாள். இன்னொரு விதி போயிற்று. அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல். “இன்னியோட போதும்னு இருக்கேன். யாருகிட்டயாவது சொல்லிட்டுப் போலாம்னு அடிச்சேன்.”

இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் நாலு பக்கம் கொடுத்திருந்தேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“ஒரு நிமிஷம் இருங்க தம்பி. சாம்பார் பொங்குது. அடுப்ப அணைச்சிட்டு ஓடி வந்துடறேன். வச்சிடாதீங்க.”

சொல்லிவிட்டு ரிசீவரை மேசைமேல் போட்டுவிட்டுப் போய்விட்டாள். போய்விட்டாள் அம்மா! உயிரை விடப்போகிறேன் என்கிறவனை மேசைமேல் வைத்துவிட்டு, சாம்பாரைப் பார்க்கப் போய்விட்டாள்.

திரும்பி வந்து “வந்துட்டேன்” என்கிறாள். அவன் அங்கேயே இருக்கிறான். இருந்து, என்ன கேட்கிறான்?

“அடிப்பிடிச்சிருச்சாக்கா?”

“லேசா.”

“என்னாலதானே.”

“உன்னாலதான். இருபது பேரு வந்து என்னைத் திட்டப் போறாங்க. இப்பச் சொல்லு, என்னாச்சு?”

ஒரு மணி நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறார்கள். அன்றைக்கு மெஸ்ஸில் இட்லிக்கு மிளகாய்ப்பொடிதானாம். அந்த மனுஷன் இன்றைக்கும் இருக்கிறான். யார், எங்கே என்று சொல்லக் கூடாது. நன்றாக இருக்கிறான்.

நான் மறுநாளே விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தேன். விதி விதிதான். ‘அழைத்தவரைக் காத்திருக்க வைத்தது ஏன் என்பதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்.’ அவள் அதே கடிதத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். ‘சாம்பார் பொங்கியது.’ இரண்டே சொல். கையெழுத்துகூடப் போடவில்லை.

அந்த மாதக் கூட்டத்தில் அதை நான் டாக்டரம்மாவிடம் நீட்டினேன். நடவடிக்கை எடுப்பார் என்றுதான் நீட்டினேன். அவர் படித்தார். செசிலியை முழுதாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மனோன்மணி, உங்க நீளப் பேரு வேணாம். பேரு கெடச்சிருச்சு. ஒரு நிமிஷம். நாம அவங்ககிட்ட கேக்கறது அவ்வளவுதானே?” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

தீர்மானப் புத்தகத்தில் எழுதுவது செயலாளர் வேலை. ‘செயலாளர் முன்மொழிய, ஏகமனதாக ஏற்கப்பட்டது’ என்று எழுதினேன். தீர்மானம் என்றால் முன்மொழிந்தவர் என்று ஒரு பெயர் வேண்டும். தலைவர் முன்மொழிய முடியாது, அவர் கூட்டத்தை நடத்துகிறவர். பேனா என் கையில் இருந்தது. ஆபீஸ் நடைமுறை அதுதான். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், செசிலியும் போட்டாள். படிக்காமல் போட்டாள். புத்தகம் இதோ பையில் இருக்கிறது. அப்புறம் போர்டு எழுத ஆள் பிடித்தது நான். எழுத்துக்கு நிறம் சொன்னது நான். லெட்டர்பேட், ரப்பர் ஸ்டாம்ப், சங்கப் பதிவு எல்லாம் நான். அவள் செய்தது என்ன? ஒரு தடவை வாயால் சொன்னாள்.

இதில் எனக்கு வருத்தமா? இல்லவே இல்லை. வருத்தம் எதில் என்றால் கேள்.

மூன்று வருஷம் கழித்து தில்லை நகரில் ஒரு ஆபீஸ் பிடித்தோம். உள்ளறை ஒன்றைப் பேசும் அறையாக்கினேன். தடிமனான திரை, ஜன்னலுக்கு ரப்பர் பட்டை, ஒரு ஈ பறந்தால் கேட்கும். போனை எடுத்தால், “பாத்திரச் சத்தம் கேக்குமே, அந்த அக்கா இல்லையா மேடம்?” யாரும் பெயர் சொல்லக் கூடாது என்று விதி வைத்தேன், இவளைப் பாத்திரச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்! “இங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் சார், சொல்லுங்க” என்பேன். “இல்ல மேடம், நான் அந்தக்கா இருக்கறப்ப கூப்புடறேன்” என்று வைத்துவிடுவார்கள். ஒரு மாதம் குறித்து வைத்துப் பார்த்தேன். அவளைக் கேட்டவர்கள் நாற்பத்தொரு பேர். என்னைக் கேட்டவர் ஒருவர். அவரும் டெலிபோன் லைனைச் சரிபார்க்க வந்தவர்.

அவள் அக்கா. நான் மேடம். கவனித்தாயா?

சிரிக்காதே, ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் வீட்டிலிருந்து எவர்சில்வர் தட்டும் டம்ளரும் ஒரு கரண்டியும் எடுத்துக்கொண்டு போனேன். போன் வந்தது. ஒரு பெண். அவள் பேசப் பேச நான் இந்தக் கையால் கரண்டியைத் தட்டில் தட்டினேன். அதிகமில்லை, லேசாகத்தான். அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டு, “மேடம், அங்க என்னமோ விழுந்துருச்சு போலிருக்கு. நீங்க போய்ப் பாருங்க. நான் அப்புறமா பேசறேன்” என்றாள். நான் “பரவாயில்லை, சொல்லுங்கள்” என்கிறேன், “இல்ல மேடம், நீங்க வேலையா இருக்கீங்க” என்று வைத்துவிட்டாள். மறுநாள் செசிலியிடம் பேசினாளாம். டம்ளரை மறுபடி வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன்.

போன வருஷம்தான் பிரிந்தோம். நான் பிரிக்கவில்லை. டாக்டரம்மா போனபிறகு ஒழுங்கு குறைந்துவிட்டது, அதைச் சரிசெய்ய நினைத்தேன். இனி வீட்டிலிருந்து யாரும் பேசக் கூடாது, எல்லோரும் ஆபீசுக்கு வந்து அறையில் உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினேன். எல்லோருக்கும் பொதுவாகத்தான் அனுப்பினேன். வீட்டிலிருந்து பேசிக்கொண்டிருந்தது அவள் ஒருத்தி மட்டும் என்றால் அதற்கு நான் என்ன செய்வது?

அவள் வந்து நின்றாள். “அக்கா, எனக்கு வேலை செஞ்சுக்கிட்டே பேசினாத்தான் வரும். இந்த ரூம்ல உக்காந்தா டாக்டருக்குக் காத்திருக்கற மாதிரி இருக்கு.”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் செசிலி.”

“சரிக்கா” என்று போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

இரண்டு மாதத்தில் புதிதாக ஒரு நம்பர், மஞ்சள் போஸ்டர், அதே பெயர். யாரோ ஒரு பையன் அவள் பேசுவதை, அதாவது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசுவதை, வீடியோ எடுத்துப் போட்டுவிட்டான். அப்புறம் கேட்க வேண்டுமா! ஒரு சங்கத்தில் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் அவள், “எல்லாம் எங்க மனோன்மணி அக்கா சொல்லிக் குடுத்தது” என்று என்னைக் காட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு மார்க் வாங்கியவள் எனக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறாள். சால்வை நல்ல பட்டு. சும்மா சொல்லக் கூடாது.

மறுநாள்தான் சென்னை ஏஜென்ட்டுக்கு போன் செய்தேன். விண்ணப்பம் போட்டாயிற்று. அந்தப் பெயரை உடனே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குப் பதிவுத்தபாலில் ஒரு கடிதமும் போட்டேன்.

எதிர்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். வக்கீல் வைப்பாள், நான் இந்தத் தீர்மானப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைப்பேன் என்று காத்திருந்தேன். போன வாரம் காலையில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். கையில் ஒரு பாட்டில் எலுமிச்சங்காய் ஊறுகாய்.

“பேர வச்சுக்குங்கக்கா. நான் போஸ்டரெல்லாம் கிழிச்சிட்டேன். ரயில்வே கேட்டுல ரெண்டு மட்டும் வரல, பசை நல்லா பிடிச்சிருச்சு. கரண்டியால சுரண்டிட்டு இருக்கேன். ரெண்டு நாள்ல எடுத்துடறேன்.”

“அப்ப உன் நம்பருக்கு எப்படிக் கூப்பிடுவாங்க?”

“கூப்பிட மாட்டாங்கதான். உங்களுக்கு வரும்லக்கா. யாராச்சும் எடுத்தாச் சரி. அறையில யாராச்சும் எப்பவும் இருக்கற மாதிரி மட்டும் பாத்துக்குங்க.”

சொல்லிவிட்டு ஒரு கடிதம் கொடுத்தாள். கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள். இப்போது கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இதோ, நீயே பார். ‘நான் சொல்லிவந்த ஒரு நிமிஷம் என்ற பெயரை மனோன்மணி அக்காவுக்கு மனமொப்பிக் கொடுக்கிறேன். எனக்கு ஆட்சேபணை இல்லை.’

பார்த்தாயா? கொடுக்கிறாளாம்! என் பெயரை எனக்கே கொடுக்கிறாள். சண்டையிலாவது ஜெயிக்கலாம் என்றிருந்தேன். அதையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். ஊறுகாய் நன்றாக இருந்தது என்பது வேறு விஷயம்.

அதை ஏஜென்ட்டுக்கு அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டார். “மேடம், இந்த லெட்டர் சிக்கல். ‘நான் சொல்லிவந்த’ன்னு எழுதியிருக்காங்க. ‘கொடுக்கிறேன்’னு வேற. அப்ப முதல்ல அவங்களோடதுன்னு ஆகுது. ஒண்ணு, அவங்ககிட்டயிருந்து நீங்க வாங்கினதா காட்டணும். இல்லேன்னா, அவங்க தேதிக்கு முந்தின தேதி உங்ககிட்ட இருக்கணும். இருக்கா?”

அவளிடமிருந்து வாங்கியதாகவா? சர்க்கார் பதிவேட்டில், காலகாலத்துக்கும், கொடுத்தவர் செசிலி, பெற்றுக்கொண்டவர் மனோன்மணி என்று இருக்க வேண்டுமா?

“முந்தின தேதி இருக்கிறது” என்றேன்.

அதைத்தான் இன்றைக்கு இங்கே அடிக்க வந்தேன். இப்போது அடி. பத்தி நான்கு. ‘மேற்படி சொற்களை நான் இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு மார்ச் மாதம் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, என் அலுவலகத் தொலைபேசியில், உடன்பிறந்த தம்பி இளஞ்சேரனிடம் முதன்முதலில் பயன்படுத்தினேன்.’

அடித்துவிட்டாயா? செசிலிக்கு ஒரு வருஷம், ஏழு மாதம், பதினோரு நாள் முன்னால். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

என்ன? சாட்சி கையெழுத்தா? தம்பி வர மாட்டான். அவன் இல்லை.

அன்றைக்குத்தான்.

அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை அம்மா. மார்ச் மாதம், ஆபீசில் தலைக்குமேல் வேலை. போன் அடித்தது. “அக்கா, கொஞ்சம் பேசணும்” என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். என் எதிரே ஒரு ஆள் நிற்கிறார், ஒரு உறைக்கு அரக்கு வைத்து மூடி அவரிடம் கொடுக்க வேண்டும், அவருக்கு பஸ். “ஒரு நிமிஷம் இருடா” என்று ரிசீவரை மேசையில் வைத்தேன். மெழுகுவர்த்தியை ஏற்றி, அரக்கை உருக்கி, இரண்டு இடத்தில் முத்திரை வைத்துக் கொடுத்தேன். அவ்வளவு நேரம்தான். எடுத்து “சொல்லுடா” என்றேன். லைன் இல்லை. திரும்பக் கூப்பிடுவான் என்று இருந்தேன். நானே கூப்பிட்டிருக்கலாம். மதியம் கூப்பிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்துதான் கூப்பிட்டார்கள்.

மையத்தில் யாருக்கும் இது தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. அன்றைக்குக் கூட்டத்தில் அவர் அந்தப் பெயரைச் சொன்னபோது, எல்லோரும் கை தட்டியபோது, நான் கையைத் தட்டிக்கொண்டே செசிலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடித்ததைப் படித்துக் காட்டு. சத்தமாகப் படி.

ம்.

இன்னொரு தரம் படி.

நீ நாளெல்லாம் அடுத்தவர் சொல்வதை அடிக்கிறவள். உன்னைக் கேட்கிறேன். ‘ஒரு நிமிஷம் இருடா’ என்றேன் நான். ‘ஒரு நிமிஷம் இருங்க தம்பி’ என்றாள் அவள். நானும் ரிசீவரை மேசையில் வைத்தேன். அவளும் வைத்தாள். எனக்கு அரக்கு, அவளுக்கு சாம்பார். நான் கூடப் பிறந்தவள். தூக்கி வளர்த்தவள். அவள் அந்த மனுஷனுக்கு யார்? முகம்கூடத் தெரியாது. அவளுக்கு அவன் காத்துக்கொண்டிருந்தான். எனக்கு இவன் காத்திருக்கவில்லை. ஏன்? அவள் ‘ஓடி வந்துடறேன்’ என்றாள், ‘வச்சிடாதீங்க’ என்றாள். நான் அந்த இரண்டையும் சொல்லவில்லை. அதுவா காரணம்? அந்த இரண்டு சொல்லா? பதினாறு வருஷமாக அவளைப் பார்க்கிறபோதெல்லாம் இதையேதான் நினைக்கிறேன். அவள் ஊறுகாய் பாட்டிலை நீட்டுகிறாள், நான் இதை நினைக்கிறேன்.

தலையை ஆட்டாதே. தெரியாது என்றால் தெரியாது என்று சொல். டாக்டரைக் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வார்.

தண்ணீர் வேண்டாம். இரு.

அழித்துவிடு. அந்தப் பத்தி முழுவதையும் அழி. அவன் பெயர் எங்கேயும் மிச்சம் இருக்கக் கூடாது, பார்த்துக்கொள். அதைப் ‘பயன்படுத்தினேன்’ என்று எழுதச் சொன்னேனே. எனக்கு என்ன ஆயிற்று?

புதிதாக அடி. ‘பத்தி நான்கு. மேற்படி பெயரை முதன்முதலில் பயன்படுத்தியவர் இந்நிறுவனத்தின் தொண்டர் திருமதி செசிலி, கணவர் பெயர் ஆரோக்கியராஜ், பாலக்கரை. நாள், இரண்டாயிரத்து எட்டு அக்டோபர் பதினேழு, வெள்ளிக்கிழமை, காலை ஆறே முக்கால் மணி.’ அதன் பின்னால் ‘நான் அளித்த பயிற்சியின்படி’ என்று சேர்.

வேண்டாம், எடு. பயிற்சியில் அது இல்லை.

‘தீர்மானப் புத்தகத்தில் முன்மொழிந்தவர் என்று என் பெயர் காணப்படுவது, பேனா என் கையில் இருந்ததால் ஏற்பட்டது.’ அப்படியே அடி. சட்டத்துக்கு ஒத்து வருமா என்று ஏஜென்ட் கவலைப்படட்டும். என் பெயரில் போட்ட விண்ணப்பம் இதோடு போயிற்று. நிறுவனத்தின் பெயரில் புதிதாகப் போட வேண்டும். பத்தி மூன்றிலும் ‘நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பிக்க உள்ளோம்’ என்று மாற்றிவிடு. அவள் தொண்டராக இருந்தால்தான் இந்தத் தேதி எங்கள் தேதியாகும், ஆகவே அவளைத் திரும்பக் கூப்பிட்டாக வேண்டும். கூப்பிட்டால் வருவாள். வீட்டிலிருந்தே பேசு என்றும் சொல்லியாக வேண்டும். சொன்னால், வருகிற போனெல்லாம் அவளைத்தான் கேட்கும். நான் எடுத்து, “இருங்கள், அக்காவுக்கு மாற்றித் தருகிறேன்” என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இப்போதே வயிறு எரிகிறது.

முடிந்ததா? கீழே வலது பக்கம் ‘உறுதிமொழி அளிப்பவர்’ என்று போட்டு என் பெயரை அடி. மனோன்மணி. மேலே எல்லா இடத்திலும் அவள் இருந்துகொள்ளட்டும். முதலில் சொன்னது அவள்தான் என்று சத்தியம் செய்கிறவள் நான். அந்த இடத்தில் அவளால் கையெழுத்துப் போட முடியாது.